யார் யாரைக் கேலி செய்யலாம்? உறவுகளில் கிண்டலுக்கு இருக்கும் வேலை

ஒரு தமிழ்க் கல்யாண மண்டபத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து கவனித்தால், யாருக்கு யார் என்ன முறை என்று ஓரளவு சொல்லிவிடலாம். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கோயில் மண்டபங்கள் எதிலும் இதைப் பார்க்கலாம். மாப்பிள்ளைக்கு முடி கொட்டியிருப்பதைச் சத்தமாகச் சொல்லிச் சிரிக்கிறவர் பெண்ணின் தம்பியாகவோ, மாப்பிள்ளைக்கு மாமன் மகனாகவோ இருப்பார். பெண்ணின் அப்பா அதே மாப்பிள்ளையிடம் “சாப்பிட்டீங்களா?” என்பதற்கு மேல் பேசமாட்டார். நலங்கு வைக்கும் வீடுகளில் மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் அப்பளம் உடைக்கும்போது, பின்னால் நின்று உசுப்பிவிடுகிறவர்கள் கொழுந்திகள், நாத்தனார்கள், அத்தை பிள்ளைகள். மணப்பெண்ணின் பெரியப்பா மகன் அந்தக் கூட்டத்தில் இருக்கமாட்டார். அவர் அண்ணன் முறை. இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்கிறோம்.

இப்படிக் கேலி பேச உரிமை உள்ள உறவை மானிடவியலில் ‘கேலி உறவு’ என்பார்கள். பிரிட்டிஷ் மானிடவியலாளர் ஏ. ஆர். ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்தக் கருத்தைப் பரவலாக அறியச் செய்தது. அவர் தந்த விளக்கம் எளிமையானது. இரண்டு பேரில் ஒருவர் மற்றவரைக் கிண்டல் செய்ய வழக்கம் அனுமதிக்கிறது. சில சமூகங்களில் கிண்டல் செய்தே ஆகவேண்டும் என்றுகூட எதிர்பார்க்கிறது. கிண்டலுக்கு ஆளாகிறவர் அதற்காகக் கோபித்துக்கொள்ளக் கூடாது. சில உறவுகளில் இருவரும் மாறி மாறிக் கேலி செய்யலாம். சிலவற்றில் ஒருவர்தான் செய்வார்; மற்றவர் பொறுத்துக்கொள்வார், அல்லது கொஞ்சமாகத் திருப்பிக் கொடுப்பார்.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? கல்யாணம் இரண்டு குடும்பங்களை இணைக்கிறது. இணைந்த பிறகும் அவை இரண்டு குடும்பங்கள்தான். பிள்ளைக்கு யார் பெயர் வைப்பது, தீபாவளிக்கு முதலில் யார் வீட்டுக்குப் போவது, பாட்டியை யார் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என்று உரசல் வர நூறு வழி இருக்கிறது. நெருக்கமும் விலகலும் ஒரே உறவுக்குள் சேர்ந்தே இருக்கின்றன. இதைச் சமாளிக்கச் சமூகங்கள் இரண்டு வழிகளைப் பிடித்திருக்கின்றன என்றார் ராட்கிளிஃப்-பிரவுன். ஒன்று, மிகுந்த மரியாதையோடு ஒதுங்கியிருப்பது. மாமியார் முன்னால் மருமகன் அடக்கமாக உட்கார்வது இந்த வகை. இன்னொன்று, உண்மையான சண்டை வருவதற்கு முன்பே சண்டை மாதிரி ஒன்றை விளையாட்டாகப் போட்டுக்கொள்வது. மச்சான்கள் ஒருவரையொருவர் வாருவது இதுதான். அவர்கள் பேசும் சொற்களை மட்டும் எழுதிப் படித்தால் பகையாளிகள் பேசுவதுபோல இருக்கும். அருகில் இருந்து கேட்பவருக்கு வேறொன்று புரியும்: இவ்வளவு சொன்னாலும் உடையாத உறவு இது என்று இருவரும் ஒருவருக்கொருவர் உறுதி செய்துகொள்கிறார்கள்.

நம் உறவுமுறைக்கு இந்த விளக்கம் அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்துகிறது. மாமன் பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் கட்டிக்கொள்ளும் முறை. அங்கே கேலி தாராளம். சித்தப்பா, பெரியப்பா, சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள் உடன்பிறப்பு. அவர்களோடு சண்டை போடலாம், ஆனால் கல்யாணம், காதல் பற்றிய கேலி கிடையாது. தாத்தா பாட்டிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவே உள்ள விளையாட்டையும் ராட்கிளிஃப்-பிரவுன் கவனித்திருக்கிறார். பேத்தியைப் பாட்டி ‘என் சக்களத்தி’ என்று வம்புக்கு இழுப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் நிறைய பேர் உண்டு. கண்டித்து வளர்க்கும் பொறுப்பு அம்மா அப்பாவுடையது. அந்தச் சுமை இல்லாததால் தாத்தா பாட்டியால் சிரித்து விளையாட முடிகிறது.

சரி, இது குடும்பத்துக்குள். சிங்கப்பூரில் நம் நாளின் பெரும்பகுதி யாரோடு போகிறது? அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், தேசிய சேவை என்ற கட்டாயப் பணியில் ஒரே அறையில் தூங்கியவர், பிள்ளையின் பள்ளி நண்பனுடைய அம்மா, கீழ்மாடி ஆன்ட்டி. மாமன் மகன் பெர்த்திலோ சென்னையிலோ இருப்பார். இந்தப் புது உறவுகளில் யாரை யார் எவ்வளவு கிண்டல் செய்யலாம் என்று எந்த வழக்கமும் சொல்லித்தருவதில்லை. முறை தந்த அனுமதியை இங்கே ஆளுக்கு ஆள் பார்த்துப் பெற வேண்டியிருக்கிறது. இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. கேலி ஓர் அனுமதியின் பேரில் நடக்கிறது. அந்த அனுமதியைத் தருகிறவர் கேலிக்கு ஆளாகிறவர். கொடுத்ததை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவும் செய்யலாம்.

சும்மாதான் சொன்னேன் என்பது எப்படித் தெரிகிறது?

1952இல் கிரெகரி பேட்சன் என்ற மானிடவியலாளர் சான் பிரான்சிஸ்கோ விலங்குத் தோட்டத்தில் இரண்டு இளங்குரங்குகள் விளையாடுவதைப் பார்த்தார். பாய்வதும் கடிப்பதும் சண்டையில் நடப்பது போலவே இருந்தன. ஆனால் அது சண்டை இல்லை என்பது பார்க்கிற மனிதருக்கும் தெரிந்தது, குரங்குகளுக்கும் தெரிந்தது. அப்படியென்றால் ‘இது விளையாட்டு’ என்று சொல்லும் ஏதோ ஒரு சைகை அவற்றுக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர் யோசித்தார். 1955இல் வெளியான அவருடைய கட்டுரையின் மையக் கருத்து இதுதான்: விளையாட்டுக் கடி, கடியைப் போல இருக்கும், ஆனால் கடியின் பின்னால் இருக்கும் பகை அதில் இருக்காது.

மனிதர்களுக்கும் இந்தச் சைகைகள் உண்டு. தமிழில் அவை மிக நுட்பமானவை. குரல் இழுபடும், புருவம் ஏறும், தோளில் ஒரு தட்டு விழும். மரியாதைச் சொல்லைத் தலைகீழாக மாற்றுவது நம்முடைய சிறந்த உத்தி. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எழுந்து வரும் பதினைந்து வயது மகனிடம் “வாங்க ஐயா, காப்பி கொண்டுவரச் சொல்லட்டுமா?” என்று அம்மா கேட்டால், அந்த ‘வாங்க’விலேயே எல்லாம் இருக்கிறது. வழக்கமாக ‘வாடா’ என்பவர் பன்மைக்கு மாறினாலே அது கேலி, அல்லது கோபம். இரண்டில் எது என்பதை முகம் சொல்லும்.

முகம் தெரியாத இடத்தில் தான் சிக்கல். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் “இன்னிக்காவது சமைச்சியா?” என்று அக்கா எழுதுகிறார். எழுதும்போது அவர் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறார். எட்டு மணிக்கு எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு அதைப் படிக்கும் தம்பி மனைவிக்கு அந்தச் சிரிப்பு வந்து சேர்வதில்லை. சிரிக்கும் முகத்தைச் சேர்த்தாலும் போதுவதில்லை. குத்திவிட்டு மேலே ஒட்டிய முகமாகவும் அது தெரியலாம். எழுத்தில் அனுப்பத் தயக்கமாக இருக்கும் கேலியைக் குரல் பதிவாக அனுப்புங்கள், அல்லது நேரில் பார்க்கும்வரை வைத்திருங்கள்.

ஒரு கேலி எப்போது சிரிப்பாகிறது, எப்போது காயமாகிறது என்பதற்குப் பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற ஆய்வாளர்கள் 2010இல் தந்த விளக்கம் எனக்கு மிகவும் உதவுகிறது. ஏதோ ஒரு வரம்பு மீறப்பட வேண்டும். அதே நேரத்தில் அந்த மீறலால் ஆபத்தில்லை என்ற உணர்வும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் சேர்ந்தால் சிரிப்பு வரும். வரம்பு மீறப்படவே இல்லையென்றால் சப்பென்று போய்விடும். மீறலில் ஆபத்து தெரிந்தால் வலிக்கும். இதை வைத்துப் பார்த்தால், நேற்று சிரித்தவர் இன்று ஏன் முகம் சுளிக்கிறார் என்பது விளங்கும். “உனக்கெல்லாம் யாருடா வேலை கொடுத்தது?” என்பது போன மாதம் வரை நல்ல கேலி. ஆட்குறைப்பில் அவர் வேலை போன வாரத்தில் அதே சொற்களில் ஆபத்து வந்துவிட்டது. கேலி மாறவில்லை, அவர் நிலைமை மாறிவிட்டது.

‘அவனும்தானே சிரிச்சான்!’

கேலி எல்லை மீறியதாகப் புகார் வந்தால் முதலில் வரும் பதில் இது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க நரம்பியலாளர் தம் மாணவர்களோடு கடைத்தொகுதிகளிலும் வளாகங்களிலும் மக்கள் சிரிப்பதை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தார். 1,200 சிரிப்புகள். அவற்றுக்கு முன்னால் பேசப்பட்டது என்ன என்று பார்த்தால், நகைச்சுவை என்று சொல்லத்தக்க வாக்கியங்கள் 20 விழுக்காடுகூட இல்லை. ‘சரி, நான் கிளம்பறேன்’ மாதிரி சாதாரணப் பேச்சுக்குத்தான் பெரும்பாலோர் சிரித்தார்கள். கேட்பவரைவிடப் பேசுகிறவரே அதிகம் சிரித்தார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்பதும் அவருடைய கணக்கு.

சிரிப்பு முதலில் உறவின் ஒலி, அப்புறம்தான் நகைச்சுவைக்கான பதில் என்று இதிலிருந்து தெரிகிறது. ராபின் டன்பாரின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. சேர்ந்து உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தவர்களால் அதன்பிறகு வலியை முன்பைவிட அதிகமாகத் தாங்க முடிந்தது. மூளையில் எண்டார்ஃபின் என்ற வேதிப்பொருள் சுரப்பதே காரணமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. நண்பர்களோடு தேக்கா உணவங்காடியில் இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரித்துவிட்டு வந்தால் உடம்பு லேசாக இருப்பது பிரமை இல்லை.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. உறவை விட்டுப் போகாமல் இருப்பதற்காகவும் மனிதர் சிரிக்கிறார். மேலதிகாரி கிண்டல் செய்தால் கீழே வேலை செய்பவர் சிரிப்பார். அவருக்கு வேறு வழியில்லை. கூட்டத்தில் ஒரே ஒரு தமிழராக இருப்பவர் தன் இனத்தைப் பற்றிய கேலிக்குச் சிரிப்பார், ‘விளையாட்டை விளையாட்டா எடுத்துக்கத் தெரியாதவன்’ என்ற பெயர் வந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆகவே சிரித்ததை மட்டும் வைத்து அனுமதி கிடைத்ததாக முடிவு செய்ய முடியாது. அவர் திருப்பிக் கிண்டல் செய்கிறாரா, நீங்கள் தொடங்கியதில் தானும் ஒன்றைச் சேர்க்கிறாரா, அந்தப் பேச்சைத் தானாக இன்னொரு நாள் எடுக்கிறாரா என்று பாருங்கள். அப்படி இருந்தால் விளையாட்டு நடக்கிறது. சின்னதாகச் சிரித்துவிட்டுப் போனை எடுத்துப் பார்க்கிறார் என்றால் நிறுத்திக்கொள்ள வேண்டிய நேரம்.

கேலி செய்கிறவருக்கு இது ஏன் சட்டென்று புரிவதில்லை? ஜஸ்டின் குரூகரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 2006இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கேலி செய்கிறவருக்குத் தன் நல்லெண்ணம் உள்ளுக்குள் தெளிவாகத் தெரிகிறது. அது எதிராளிக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பிவிடுகிறார். எதிராளிக்குக் கேட்பதோ சொல் மட்டும்தான். ‘சும்மா விளையாட்டுக்கு’ என்ற எண்ணத்தைத் தெரிந்துகொண்ட பிறகும்கூட, கேலி செய்தவர் நினைத்த அளவுக்கு வலி குறைவதில்லை. கெட்ட எண்ணமே இல்லாத நல்ல மனிதர்களும் காயப்படுத்திக்கொண்டே போவது இதனால்தான் நடக்கிறது.

நகை நான்கு

சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்வியைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே கேட்டுவிட்டது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது முதலில் வைப்பது நகை. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கேலி செய்வதில், பிள்ளைத்தனத்தில், அறியாமையில், சொன்னதை அப்படியே நம்பிவிடும் வெள்ளைமனத்தில். எள்ளலுக்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் பெற்ற பழைய உரையாசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது மற்றொன்று. கேலியை இருவழிப் பாதையாகப் பார்த்த அந்தக் கூர்மை எனக்கு வியப்பாக இருக்கிறது.

இன்றைய உளவியலும் ஒரு நான்கு சொல்கிறது. கனடாவைச் சேர்ந்த ராட் மார்ட்டினும் அவர் குழுவினரும் 2003இல் நகைச்சுவைப் பாணிகளை அளக்கும் வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். மற்றவர்களைச் சேர்த்துக்கொள்ளும் நகைச்சுவை, கஷ்டத்தில் தன்னைத் தேற்றிக்கொள்ளும் நகைச்சுவை, மற்றவரைத் தாழ்த்தும் நகைச்சுவை, மற்றவர் விரும்ப வேண்டும் என்பதற்காகத் தன்னையே தாழ்த்திக்கொள்ளும் நகைச்சுவை. ஒருவரிடமே நான்கும் கலந்திருக்கும். கடைசி வகையைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். எல்லாரையும் சிரிக்கவைப்பவர், எப்போதும் தன்னையே பகடியாக்கிக்கொள்பவர் நம் நட்பு வட்டத்தில் ஒருவர் இருப்பார். “அவன் எதையும் மனசுல வச்சுக்கமாட்டான்” என்று எல்லாரும் சொல்வோம். அவரிடம் தனியாக ஒரு நாள் உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

கணவன் மனைவிக்குள்

தம்பதியர் உறவை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் காட்மன், சண்டையின் நடுவே உறவைச் சரிசெய்ய எடுக்கப்படும் சின்னச் சின்ன முயற்சிகளுக்கு மிகுந்த முக்கியத்துவம் தருகிறார். மன்னிப்பு, தொடுகை, ஒரு நகைச்சுவை என்று அது எதுவாகவும் இருக்கலாம். முயற்சி எவ்வளவு சாமர்த்தியமானது என்பதைவிட எதிரில் இருப்பவர் அதை ஏற்றுக்கொள்கிறாரா என்பதே பெரிது.

பொங்கோலில் ஒரு வீடு. நகர மன்றக் கட்டணம் கட்ட மறந்துபோய் நினைவூட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

“உங்ககிட்டதானே சொன்னேன்?”

“எங்க சொன்ன? எப்ப சொன்ன?”

“போன வியாழக்கிழமை. சாப்பிடும்போது.”

“சாப்பிடும்போது என் காது வேலை செய்யாதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே உங்கப்பாகிட்ட சொல்லிட்டேனே.”

இங்கே கணவர் நகைச்சுவையாகத் தவற்றை ஒப்புக்கொள்கிறார். தன்னைத்தான் கேலிப்பொருளாக்குகிறார், மனைவியை இல்லை. மனைவி சிரித்துவிட்டால் சண்டை அங்கே முடியும், கட்டணமும் கட்டப்படும். அவரே “உங்கம்மா மாதிரியே நீயும் ஒண்ணையே நூறு தடவை சொல்லு” என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் அதுவும் வடிவத்தில் நகைச்சுவைதான். ஆனால் அதில் இருப்பது இளக்காரம். மணமுறிவை முன்கூட்டிக் காட்டும் அறிகுறிகளில் இளக்காரத்தையே காட்மன் மிக வலுவானதாகச் சொல்கிறார். குத்தலும் நையாண்டியும் கண்ணை உருட்டுவதும் அதில் அடங்கும்.

ஊடலின் நகைச்சுவையை வள்ளுவரைப்போல யாரும் எழுதவில்லை என்றே நினைக்கிறேன். அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள், உடனே ‘யார் நினைத்ததால் தும்மினீர்?’ என்று அழுகிறாள் (குறள் 1317). அடுத்த குறளில் அவன் பயந்துபோய்த் தும்மலை அடக்குகிறான். அப்போதும் அழுகிறாள்: உம்மை நினைப்பவர்களை என்னிடமிருந்து மறைக்கிறீரா? தோற்க இரண்டு பேரும் தயாராக இருக்கும் விளையாட்டு அது.

நீண்ட நாள் சேர்ந்து வாழ்ந்தவர்களிடம் வெளியாளுக்கு விளங்காத ஒரு சொற்களஞ்சியமே இருக்கும். என்றோ ஒரு பயணத்தில் தவறாக இறங்கிய நிலையத்தின் பெயர் அந்த வீட்டில் ‘கவனக்குறைவு’க்கு மறுபெயராகிவிடும். அந்தப் பெயரைச் சொன்னதும் இருவரும் சிரிப்பார்கள், பக்கத்தில் இருப்பவர் விழிப்பார். அந்த ஒரு சொல்லுக்குள் அவர்கள் சேர்ந்து கழித்த ஒரு நாள் முழுதாக இருக்கிறது. விருந்தினர் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. அவர்களுக்குக் கதையைச் சொல்லிவிட்டுச் சிரியுங்கள், வெளியே நிறுத்திவிட்டுச் சிரிக்க வேண்டாம்.

பிள்ளைகளும் பாட்டியின் தமிழும்

இதைப் பற்றி எனக்குக் கவலை உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழி, பள்ளியில் தாய்மொழிப் பாடம். பிள்ளைகள் கட்டுரை எழுதக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் கிண்டல் நடப்பது பேச்சுத்தமிழில். 2005இல் வந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது சரியான முடிவு. இருந்தாலும் கேலியை வகுப்பறையில் முழுதாகக் கற்க முடியாது. அது சாப்பாட்டு மேசையில், காய்கறி நறுக்கும் இடத்தில், காருக்குள் கற்க வேண்டியது.

பாட்டி “இவரு பெரிய மைனரு, தட்டைக்கூட எடுக்கமாட்டாரு” என்கிறார். பேரனுக்கு ‘மைனர்’ தெரியாது, பன்மையின் குறும்பும் தெரியாது. அம்மா ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் சிரிப்பு ஆறிவிடுகிறது. பேரன் ஆங்கிலத்தில் ஒன்று சொல்கிறான். இந்த முறை பாட்டிக்குப் புரியவில்லை. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். ஆனால் அவர்களுக்குள் மிஞ்சுவது ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டேன் பாட்டி’ மட்டும். கேலி உறவாக இருந்திருக்க வேண்டியது மரியாதை உறவாகச் சுருங்கிப்போகிறது. மொழியில் பிழை இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளை பாட்டியைத் தமிழில் வம்புக்கு இழுத்தால் திருத்தாதீர்கள், சிரியுங்கள். ‘அங்க லகரம் வராது, ளகரம் வரணும்’ என்று அந்த நேரத்தில் குறுக்கிட்டால் அடுத்த தடவை அவன் ஆங்கிலத்துக்குப் போய்விடுவான்.

தோலும் இனமும்

தேசிய சேவையில் சீன நண்பனும் மலாய் நண்பனும் நம் பையன்களை ‘மச்சா’ என்றே கூப்பிடுகிறார்கள். ஒரே மழையில் நனைந்து, ஒரே பையைச் சுமந்து, ஒருவர் வீட்டுப் பலகாரத்தை ஒருவர் தின்ற பிறகு இன்னொருவர் இனத்தைப் பற்றிக் கிண்டல் பேசுவதும் வந்துவிடுகிறது. அப்படி மாறி மாறிப் பேசும் நண்பர்களுக்குள் அது உண்மையான கேலி உறவாக இருக்கலாம். அதை நான் மறுக்கமாட்டேன்.

அந்த அனுமதி அந்த இருவருக்கு மட்டுமே உரியது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த மூன்றாம் ஆளுக்கு அது கிடைக்காது. விளக்கை அணைத்ததும் “சிரிடா, அப்பதான் நீ எங்க இருக்கேன்னு தெரியும்” என்று ஒருவன் சொல்வதை முதல் நாளே கேட்கும் பையனுக்கு அது கேலி இல்லை. அவனுடைய பெயரைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அவன் தோலைப் பேசுகிறார்கள். இந்த நாட்டுக் குடிமக்கள், நிரந்தரவாசிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பேர்தான் இந்தியர்கள். வகுப்பிலோ அறையிலோ அவன் ஒருவன் மட்டுமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். திருப்பிச் சொல்ல ஆள்பலம் இல்லாத இடத்தில் கேலி ஒருவழியாகிவிடுகிறது. 1964 கலவரத்தின் நினைவாக ஜூலை 21ஐ இன நல்லிணக்க நாளாகப் பள்ளிகள் கடைப்பிடிக்கின்றன. அன்று உடை மாற்றி வருவதோடு, ‘எந்தக் கேலி உனக்குப் பிடிக்கவில்லை?’ என்று பிள்ளைகளைக் கேட்கும் ஆசிரியர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள்.

நாமும் இதைச் செய்கிறோம். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவரின் உச்சரிப்பைச் சொல்லிக்காட்டிச் சிரிப்பது, இங்கே பிறந்து வளர்ந்தவரின் தமிழை ‘இதெல்லாம் தமிழா’ என்று நக்கலடிப்பது இரண்டும் நடக்கின்றன. அதைவிட மோசமானது வீட்டுக்குள் நடப்பது. தீபாவளிக்கு வரும் உறவினர் காலணியைக் கழற்றும்போதே “என்னம்மா, போன வருஷத்தைவிடக் குண்டாயிட்ட?” என்பார். முறுக்குத் தட்டு வரும்போது கறுப்பைப் பற்றி ஒன்று. பன்னிரண்டு வயதுப் பெண் சிரித்துக்கொண்டே அறைக்குள் போவாள். பெரியவர்கள் அவளும் சிரித்ததாக நினைத்துக்கொள்வார்கள். திருக்குறளில் பண்புடைமை அதிகாரத்திலேயே இரண்டு பக்கமும் இருக்கின்றன. சிரித்துப் பழகத் தெரியாதவருக்குப் பகலும் இருட்டு என்கிறது 999ஆம் குறள். நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி, விளையாட்டிலும் இகழ்ச்சி வலிக்கும் என்கிறது 995. ஒரே அதிகாரத்தில் இரண்டையும் வைத்தவருக்கு நம் தீபாவளி வீடுகள் நன்றாகத் தெரிந்திருக்கும்.

அனுமதியைத் திரும்ப வாங்குவது

நண்பரிடம் என்றால் தனியாக, அன்றைக்கே, ஒரே ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டுச் சொல்வது நல்லது. “என்னை எதுக்கு வேணும்னாலும் ஓட்டு, என் திக்குவாயை மட்டும் விட்டுடு” என்றால் நண்பருக்கு எல்லை தெளிவாகத் தெரிகிறது. மற்ற கேலிகளும் நட்பும் அப்படியே இருக்கும் என்பதும் தெரிகிறது. கேட்டவர் சொல்ல வேண்டியது, “சரி, இனிமே சொல்லமாட்டேன்.” ‘நான் விளையாட்டுக்குத்தான்’ என்று தொடங்கும் விளக்கம் எதுவும் தேவையில்லை. அந்த விளக்கம் மறுபடியும் இவரைத்தான் ஆறுதல் சொல்ல வைக்கும்.

பெரியவர்களிடம் அப்படி நேராகச் சொல்ல நம் குடும்பங்களில் தயக்கம் இருக்கிறது. அங்கேதான் கேலி உறவு கைகொடுக்கும். பிள்ளையின் நிறத்தைப் பற்றி அத்தை பேசுகிறார். அம்மா சொன்னால் அது நாத்தனார் சண்டையாகிவிடும். ஆனால் பிள்ளையின் தாய்மாமனுக்கு அந்த அத்தையைக் கிண்டல் செய்யும் முறை இருக்கிறது. “ஏன் மதினி, எங்க அத்தான் மட்டும் என்ன வெள்ளைக்காரரா? உங்க வீட்டு நிறம்தானே பிள்ளைக்கு வந்திருக்கு!” என்று அவர் சொன்னால் கூடம் சிரிக்கும், அத்தையும் சிரிப்பார், பேச்சு வேறு பக்கம் போகும். தன் பக்கம் ஒருவர் பேசியதைப் பிள்ளை கேட்டிருக்கும்.

அதற்கும் அத்தை நிறுத்தவில்லை என்றால் அப்பாதான் தம் தங்கையிடம் நேராகச் சொல்ல வேண்டும்: “இவளோட நிறத்தைப் பத்தி இனிமே இந்த வீட்ல பேச வேணாம்மா.” குரலை உயர்த்தத் தேவையில்லை. ஆனால் சமையலறைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லாமல், கூடத்தில், பிள்ளை காதில் விழும்படி சொல்ல வேண்டும். கேலி அவள் முன்னால்தானே நடந்தது.